பிள்ளை பெற்றவளைப் பேணுதல்

தலைப்பிரசவத்திற்குப் பெண் தாய்வீடு செல்வது தமிழ்நாட்டில் நெடுநாளைய வழக்கம். வளைகாப்பு முடிந்ததும் அழைத்துச் செல்வர். பிள்ளை பிறந்து சில மாதங்கள் கழிந்த பின்னரே கணவன் வீட்டிற்கு அனுப்புவர். இதனை வெறும் சடங்கென்று தள்ளிவிடலாகாது. பிள்ளை பெற்றவள் கண்ணயரும் வேளையில் குழந்தையை ஏந்திக்கொள்ள அங்கே ஒருவர் இருந்தார். அவள் முகம் வாடினால், ஏன் என்று கேட்கவும் ஒருவர் இருந்தார். தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் நம்மிற் பலருக்கு அந்தத் தாய்வீடு நெடுந்தூரத்தில் இருக்கிறது. தாய்வீடு செய்த பணியை இங்கே யார் செய்வது, எவ்வாறு செய்வது என்பதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறோம்.

எங்கள் அனுபவத்தை முதலில் கூறிவிடுகிறோம். 2016ஆம் ஆண்டு தை மாதத்தில், தில்லியில், எங்கள் இல்லத்தில் இரண்டாவது குழந்தை பிறந்தது. ஊரிலிருந்து வரவேண்டிய மாமியார் கால் எலும்பு முறிந்து படுத்துவிட்டார்; அவர் கிளறிய பிரசவ லேகியம் மட்டும் வந்து சேர்ந்தது. நாங்கள் பட்டியல் எழுதிக்கொண்டு கடைக்குச் சென்றோம். தொட்டில், கொசுவலை, கம்பளிக் குல்லாய், காலுறை, எண்ணெய் என்று முப்பது பொருள்கள் வாங்கினோம். முப்பதும் குழந்தைக்கு. தாய்க்கென்று ஒரு பொருளும் வாங்கவில்லை என்பது அப்போது எங்கள் நினைவிற்கே வரவில்லை.

ஒன்பதாம் நாள் தாய்க்குக் காய்ச்சல் கண்டது. பால் கட்டியதால் வந்திருக்கும், அல்லது தில்லிக் குளிராக இருக்கும் என்று எண்ணி மிளகுக் கஷாயம் கொடுத்தோம். மறுநாள் அண்டை வீட்டுப் பஞ்சாபி மூதாட்டி, நாங்கள் பீஜி என்று அழைப்பவர், ஒரு டப்பாவில் பஞ்சீரி கொண்டுவந்தார். அவர் தொட்டிலின் பக்கம் திரும்பாமல் நேரே கட்டிலருகே சென்று தாயின் கையைத் தொட்டார். எத்தனை நாளாகக் காய்ச்சல், அடிவயிறு வலிக்கிறதா, போக்கில் துர்நாற்றம் உண்டா என்று தாழ்ந்த குரலில் கேட்டார். பிறகு எங்களைப் பார்த்து, உடனே வண்டி கொண்டுவரச் சொன்னார். கருப்பையில் நோய்த்தொற்று என்று மருத்துவர் கூறினார். நல்ல வேளையாகத் தக்க சமயத்தில் மருந்து கிடைத்தது.

உடல் தேறிய பின் எங்கள் இல்லத்தரசி சொன்ன சொல் இன்றும் எங்கள் செவியில் இருக்கிறது: “வந்தவர்கள் எல்லாரும் குழந்தையைப் பார்த்துவிட்டுப் போனார்கள். என்னைப் பார்த்தவர் பீஜி ஒருவர்தான்.” அரசின் அறிவுரை ஏடுகளைத் தமிழாக்குவது எங்கள் தொழில். பிள்ளைப்பேற்றுக்குப் பின் வரும் காய்ச்சலை அலட்சியம் செய்யலாகாது என்னும் வாக்கியத்தை நாங்களே பன்முறை எழுதியிருக்கிறோம். எழுதிய கைக்குத் தெரிந்தது, வீட்டில் கண்ணுக்குத் தெரியாமற் போயிற்று.

ஆகவே தாய்க்கென்று ஒரு தனிப் பட்டியல் எழுதுங்கள். அது நீண்டதன்று. மென்மையான பருத்தி நாப்கின்கள், அல்லது சோப்பிட்டு அலசி நல்ல வெயிலில் உலர்த்திய பழைய நூல் துணிகள். முன்புறம் திறக்கும் தளர்ந்த உடைகள். பாலூட்டும்போது முதுகுக்கும் முழங்கைக்கும் அணைகொடுக்க இரண்டு தலையணைகள். தையல் போட்ட இடத்தை வெதுவெதுப்பான நீரால் கழுவ ஒரு குவளை. காய்ச்சல் பார்க்க வெப்பமானி. கைக்கெட்டும் தூரத்தில் ஒரு கூஜா நீர். நீர் குடித்தால் வயிறு பெருக்கும் என்று சில வீடுகளில் தடுப்பர். இது தவறு. பாலூட்டுபவளுக்குத் தாகம் மிகுதி. நீர் குறைந்தால் மலச்சிக்கலும் சிறுநீர்த் தொல்லையும் வந்து சேரும்.

வடநாட்டுக் குளிரைப் பற்றியும் ஒரு வார்த்தை. கதவு சன்னல்களை அடைத்துவிட்டு அறைக்குள் கரியடுப்பு வைப்பது உயிருக்கே ஆபத்து. கரியிலிருந்து எழும் நச்சுக் காற்றுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. உறங்குகிறவர்கள் அப்படியே மயங்கி மாண்டுபோவதுண்டு. கம்பளியும் வெந்நீர்ப் பையும் போதும்.

உணவில் நம் பத்தியச் சமையலை விட்டுவிட வேண்டியதில்லை. பூண்டுக் குழம்பும், மிளகு ரசமும், பருப்புத் துவையலும், மீன் உண்பவர்களுக்குச் சுறாப்புட்டும் நல்ல உணவே. ஆனால் பத்தியம் என்ற பெயரால் கீரையையும் பழத்தையும் விலக்குவது பொருந்தாது. முதல் ஆறு மாதம் பாலூட்டும் தாய் வழக்கத்தைவிடக் கூடுதலாகவே உண்ணவேண்டும். நம் ஊர்ப் பொருள் கிடைக்காத இடத்தில் அவ்வூர்ப் பத்தியத்தைக் கேட்டறியலாம். பஞ்சாபியர் கோதுமை மாவும் நெய்யும் பருப்பு வகைகளும் சேர்த்துப் பஞ்சீரி செய்வர். மராட்டியர் அளிவ விதையில் லட்டு பிடிப்பர். வங்காளியர் கருஞ்சீரகத்தை அரைத்துச் சோற்றுடன் தருவர். தாய்மைக்கு உரிய பரிவு எல்லா நாட்டிலும் ஒன்றே. எனினும் லேகியமோ லட்டுவோ இரும்புச்சத்து மாத்திரைக்கு ஈடாகாது. பிள்ளை பெற்ற பின் 180 நாள் அம்மாத்திரையை உண்ணவேண்டும் என்பது அரசின் நலத்திட்ட விதி.

இனிக் கூறுவதை வீட்டிலுள்ள ஆண்களும் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம். பிள்ளைப்பேற்றுக்குப் பின் உதிரப்போக்கு முதலில் சிவந்தும், பிறகு பழுப்பாகவும், பின்னர் வெளுத்தும், ஏறக்குறைய ஆறு வாரம்வரை இருப்பது இயல்பு. ஆனால் ஒரு மணி நேரத்திற்குள் ஒரு துணி முழுதும் நனைந்தாலும், பெரிய கட்டிகளாக உதிரம் வெளிப்பட்டாலும் காத்திருக்கலாகாது. காய்ச்சல், துர்நாற்றம், கடுமையான தலைவலி, கண் மங்குதல், வலிப்பு, மூச்சுத் திணறல், ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், அறுவைக் காயத்தில் சீழ் ஆகிய இவற்றுள் ஏதேனும் கண்டால், நள்ளிரவாயினும் மருத்துவமனைக்குப் புறப்படவேண்டும். 108 அல்லது 102 என்னும் எண்ணில் வண்டி கேட்கலாம்.

எல்லாம் நலமாக இருந்தாலுங்கூடத் தாயை மருத்துவரோ செவிலியரோ பார்க்கவேண்டும். பிறந்த முதல் 24 மணி நேரம் மருத்துவமனையில் இருத்தல், பின்பு இரண்டு மூன்று நாட்களுக்குள் ஒரு முறை, இரண்டாம் வாரத்தில் ஒரு முறை, ஆறாம் வாரத்தில் ஒரு முறை என்று உலக சுகாதார நிறுவனம் 2022ஆம் ஆண்டு வகுத்திருக்கிறது. தடுப்பூசிக்குக் குழந்தையை எடுத்துச் செல்லும் நாம், அந்நாளில் தாயையும் காட்டிவிட்டு வரலாமன்றோ?

மனத்தின் நிலையும் உடலின் நிலையைப் போன்றதே. முதல் சில நாட்கள் காரணமின்றி அழுகை வருவது பலருக்கு உண்டு, தானே அடங்கிவிடும். அச்சோர்வு இரண்டு வாரத்திற்கு மேலும் நீடித்தால், உறக்கமும் பசியும் அற்றுப்போனால், குழந்தையிடம் ஒட்டுதல் தோன்றாவிட்டால், அது நோய், குணப்படுத்தக்கூடிய நோய். தன்னையோ குழந்தையையோ அழித்துவிடும் எண்ணம் எழுந்தால் அவளைத் தனியே விடாமல் உடனே மருத்துவரிடம் சேர்க்கவேண்டும். ‘பிள்ளை பெற்ற மகிழ்ச்சியில் அழுகை என்ன?’ என்று அதட்டுவது பெருந்தீங்கு. 2022ஆம் ஆண்டு மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் உதவிக்கு 14416 என்னும் எண்ணில் பகலிரவு எந்நேரமும் பேசலாம், தமிழிலும் பேசலாம். மொழி தெரியாத ஊரில், துயரத்தைத் தாய்மொழியிற் சொல்ல முடிவது எத்துணை ஆறுதல் என்பதை நாம் அறிவோம்.

மத்திய அரசில் பணிபுரியும் தாய்க்கு 180 நாளும், முதல் இரு குழந்தைகளுக்குத் தந்தைக்கு 15 நாளும் விடுப்பு உண்டு. அந்தப் பதினைந்து நாளைத் தந்தையர் விருந்தினரை உபசரிப்பதில் கழித்துவிடாமல், இரவில் குழந்தையை ஏந்தவும், துணி துவைக்கவும், சமைக்கவும் செலவிடுவாராக.

நம்மவர் குடியிருக்கும் தெருவில் இனி ஒரு குழந்தை பிறந்தால், பார்க்கச் செல்லும் நாம் கிலுகிலுப்பையோடு ஒரு அடுக்கு டப்பாவில் சோறும் ரசமும் எடுத்துச் செல்வோம். உள்ளே நுழைந்ததும் முதலில் தாயிடம் சென்று, காய்ச்சல் உண்டா, உறங்கினாளா, உண்டாளா என்று கேட்போம். பிறகு குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, “நீ இரண்டு மணி நேரம் தூங்கம்மா, நாங்கள் இருக்கிறோம்” என்று சொல்வோம்.