கம்பெனி கொடுக்கும் ஆலோசனை

(தாராவியில் நடந்த மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சென்ற மாதக் கூட்டம் முடிந்து ஜமக்காளத்தைச் சுருட்டிக் கொண்டிருந்தோம். ஓர் அம்மா ஒரு காகிதத்தை நீட்டினார். மகனுடைய சம்பளச் சீட்டோடு வந்ததாம். முழுவதும் ஆங்கிலம், அடியில் ஒரு போன் நம்பர். "வேலையை விட்டு நிறுத்துற நோட்டீஸா, அண்ணாச்சி?" என்று கேட்டார். பத்து நாளாக அந்தப் பயத்தோடு இருந்திருக்கிறார்.

அது நோட்டீஸ் அல்ல. 'எம்ப்ளாயீ அசிஸ்டன்ஸ் புரோகிராம்' என்று இப்போது பல கம்பெனிகளில் வந்திருக்கிறதே, தொழிலாளர் உதவித் திட்டம், அதன் அறிவிப்பு. அதைத் தமிழில் சொல்ல ஆளில்லை. ஆகவே இன்று அதையே பேசுவோம்.

நிர்வாகம் வெளியிலுள்ள ஓர் ஆலோசனை நிறுவனத்துக்குப் பணம் கட்டிவிடுகிறது. தொழிலாளி போன் செய்தால் பயிற்சி பெற்ற ஆலோசகர் பேசுவார். குடி, கடன், தூக்கமின்மை, வீட்டுச் சண்டை, சாவு வீட்டுத் துக்கம் எதையும் சொல்லலாம். நமக்குச் செலவில்லை. பெரும்பாலும் சில தடவைதான் பேச முடியும். அதற்கு மேல் போனால் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்வார்கள். பல இடங்களில் மனைவி மக்களும் பேசலாம். இது நம் வீடுகளில் பலருக்குத் தெரியவே தெரியாது.

இது தருமத்தில் பிறந்ததல்ல. 1940களில் அமெரிக்க ஆலைகளில், குடிக்கிற தொழிலாளியை விரட்டிப் புது ஆளைப் பழக்குவதைவிட அவனைத் திருத்தி வைத்துக்கொள்வதே லாபம் என்று கணக்குப் பார்த்தார்கள், அங்கிருந்து வளர்ந்தது. இருக்கட்டும். முதலாளி கணக்குப் பார்த்துப் போட்ட குழாயிலும் தண்ணீர் வரும். குடிக்கலாம். எங்கே ஒழுகுகிறது என்று தெரிந்துகொண்டு குடிக்க வேண்டும்.

நாமாகப் போன் செய்தால் நம் பெயர் நிர்வாகத்துக்குப் போகக் கூடாது. சூப்பர்வைசர் அனுப்பி வைத்தால், வந்தாரா இல்லையா என்பது போகும். பேசிய பேச்சு, நாம் எழுதிக் கொடுத்தாலொழிய, போகக் கூடாது. ஆகவே கையெழுத்துப் போடும் முன் அந்தக் காகிதத்தை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். உயிருக்கு ஆபத்து என்ற நிலையில் ரகசியம் காக்க மாட்டார்கள். அது நியாயம்தான். இவை போக, இத்தனை பேர் வந்தார்கள், இன்ன பிரச்சினை என்று பெயரில்லாக் கணக்கு ஒன்று போகும். ஆயிரம் பேர் உள்ள ஆலையில் அது வெறும் கணக்கு. ஆறு பேர் உள்ள ஸ்டோரில் "ஒருவர், குடி" என்று எழுதினால் பெயரை எழுதியதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

நம் தோழர் ஒருவர், ஆலோசகரும் வெல்பேர் ஆபீசரும் ஒன்றே என்று எண்ணி, ஆபீசரிடம் தன் குடிப்பழக்கத்தைச் சொல்லி அழுதார். அந்த மாதமே கிரேன் வேலையிலிருந்து மாற்றினார்கள். பாதுகாப்பு என்றார்கள், அதில் உண்மையும் இருக்கலாம். ஆனால் ஓவர்டைம் போயிற்று, விஷயம் கேன்டீன் வரை பரவிற்று. வெல்பேர் ஆபீசர் சட்டப்படி வருகிறவர். 1948ஆம் வருடத் தொழிற்சாலைச் சட்டத்தில் 500 தொழிலாளர் இருந்தால் அவர் வேண்டும் என்றிருந்தது. 2025 நவம்பரில் அமலுக்கு வந்த புதிய சட்டத் தொகுப்பு அதை 250 ஆக்கியிருக்கிறது. அவர் நிர்வாகத்தின் சம்பளத்தில் இருப்பவர். ரயில்வேயில் எங்களுக்கும் வெல்பேர் இன்ஸ்பெக்டர் உண்டு. பென்ஷனுக்கு அலையும் குடும்பத்துக்கு அவர் பெரிய உதவி. மனசைத் திறந்து கொட்டும் இடம் அதுவல்ல.

ஆலோசனைத் திட்டத்தை வைத்தே தீர வேண்டும் என்று கம்பெனிகளை நிர்ப்பந்திக்கும் சட்டமில்லை. நிர்வாகம் விரும்பினால் தரும், விரும்பினால் நிறுத்தும். பக்கத்தில் நின்று அதே வேலையைச் செய்யும் கான்ட்ராக்ட் தொழிலாளிக்குப் பல இடங்களில் அந்தச் சீட்டே வருவதில்லை. அவருக்கும் வேண்டும், அறிவிப்பு தமிழில் வேண்டும், தமிழ் பேசும் ஆலோசகர் வேண்டும் என்று யூனியன் கோரிக்கைப் பட்டியலில் சேருங்கள். அதுவரை, மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் இருக்கிறது. நம்பர் 14416. இரவு பகல் எந்நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம். கம்பெனிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இன்னொன்று. பன்னிரண்டு மணி நேரம் நிற்க வைத்துவிட்டு மூச்சுப் பயிற்சி சொல்லித் தந்தால் கால்வலி போகாது. ஆலோசகரால் ஷிப்டை மாற்ற முடியாது. அது யூனியன் பேச வேண்டிய பேச்சு. அதேபோல், இரவெல்லாம் தூங்காமல் தவிக்கிறவரை "சங்கத்துக்கு வா, சரியாகிவிடும்" என்று நாங்களும் பல வருடம் சொல்லியிருக்கிறோம். அது தவறு.

அந்த அம்மாவின் மகன், "எனக்கென்ன பைத்தியமா?" என்று போனைத் தொடவில்லை. அம்மாவே பேசினார். இந்தியா, இங்கிலீஷா என்று கேட்டார்களாம். "தமிழ்" என்று சொல்லி வைத்துவிட்டார். இரண்டு நாள் கழித்துத் தமிழ் தெரிந்த ஒரு பெண் கூப்பிட்டு அரைமணி நேரம் பேசினார். மகன் இன்னும் குடிக்கத்தான் செய்கிறான். அம்மா இப்போது கொஞ்சம் தூங்குகிறார்.

உங்கள் வீட்டிலும் அப்படிச் சீட்டு வந்திருந்தால் ஞாயிற்றுக்கிழமை காலை சங்கத்துக்கு எடுத்து வாருங்கள். வாசித்துச் சொல்கிறோம்.