படுக்கையருகே பயிலும் பாடம்



நோய் தீர்க்கும் கலையை நான்கு கூறுகளாக வகுத்த வள்ளுவர், நோயாளி, மருத்துவர், மருந்து என்னும் மூன்றோடு நின்றுவிடவில்லை. அருகிலிருந்து பணிபுரிபவரையும் நான்காவது கூறாக எண்ணினார். அந்த நான்காம் இடத்திற்குத் தம்மைத் தகுதியாக்கிக்கொள்ளும் செவிலிய மாணவர்கள், மருத்துவமனைப் பயிற்சிக் காலத்தில் கைக்கொள்ள வேண்டிய நெறிகளைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். நான் மருத்துவம் கற்றவன் அல்லேன், ஆசிரியன். ஆயினும் பயிற்சி என்பது இன்னதென்று ஓரளவு அறிவேன்.

ஆசிரியப் பயிற்சியின்போது எங்களையும் பள்ளிகளுக்கு அனுப்பினார்கள். மேற்பார்வையாளர் கடைசிப் பலகையில் அமர்ந்து குறிப்பெழுதுவார். கரும்பலகையில் தவறாக எழுதிய கணக்கை மறுநாள் அழித்துத் திருத்திவிடலாம். இரத்த நாளத்தில் செலுத்திவிட்ட மருந்தை அவ்வாறு அழிக்க இயலுமா? இவ்வேறுபாட்டிலிருந்தே செவிலிய மாணவருக்குரிய விதிகள் பிறக்கின்றன.

முதல் விதி, தம் எல்லையை அறிதல். கற்பிக்கப்படாத செயலை மாணவர் செய்யலாகாது. கண்காணிப்பவர் அருகில் இல்லாதபோது ஊசி போடலாகாது. கூட்டம் மிகுந்த வேளையில் ஒருவர், "நீயே போட்டுவிடு" என்று சொன்னாலும், "இதை நான் இன்னும் தனியே பழகவில்லை, அருகில் இருங்கள், சிஸ்டர்" என்று பணிவோடு கூற வேண்டும். இது கோழைத்தனம் அன்று. நோயாளிக்குச் செய்யும் முதற்பணி.

இரண்டாவது, மருந்து கொடுக்குமுன் ஐந்தைச் சரிபார்த்தல்: ஆள், மருந்து, அளவு, செலுத்தும் வழி, வேளை. "நீங்கள்தான் முருகேசனா?" என்று கேட்டால், காது மந்தமான முதியவர் தலையை அசைத்துவிடுவார். "உங்கள் பெயர் என்ன, ஐயா?" என்று கேட்டு, அவர் சொல்வதைச் சீட்டோடு ஒப்பிடுவதே முறை.

மூன்றாவது, கை கழுவுதல். 1840-களில் வியன்னா பொது மருத்துவமனையில் பிரசவப் பிரிவுகள் இரண்டு இருந்தன. 1846-இல் மருத்துவ மாணவர் பயின்ற பிரிவில் நூற்றுக்குப் பதினொரு தாய்மார் இறந்தனர். மருத்துவச்சிகள் பயின்ற பிரிவில் மூவருக்கும் குறைவு. மாணவர்கள் பிணவறையிலிருந்து நேரே பிரசவ அறைக்கு வந்ததே காரணமெனக் கண்ட செம்மல்வைஸ், 1847-இல் குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவச் செய்தார். சாவு நூற்றுக்கு இரண்டு என்னும் அளவுக்கு இறங்கிற்று. பயில வந்தவர் கையே நஞ்சாகலாம் என்பதை இவ்வரலாறு காட்டுகிறதன்றோ?

நான்காவது, கண்டதையும் கேட்டதையும் உடனே தெரிவித்து எழுதிவைத்தல். 2024 ஜூனில் எங்கள் கள்ளக்குறிச்சியில், கருணாபுரத்திலும் சுற்றுப்புறத்திலும், மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தது. மெத்தனால் உடலினுள் ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைத் தாக்குகிறது. அதன் கேடு வெளிப்படச் சில மணி நேரம் ஆகலாம். "கண் மங்குது, தாயி" என்று ஒரு நோயாளி முனகினால், அதை முதலில் கேட்பவர் படுக்கையருகே நிற்கும் மாணவியாகவே இருக்கக்கூடும். "குடித்தவன்தானே" என்று அவர் முகம் சுளித்தால், ஓர் உயிருக்கான நேரம் வீணாகும். குற்றத்தை ஆராய்வது நீதிமன்றத்தின் வேலை. செவிலியின் வேலை அதுவன்று.

ஐந்தாவது, நாவடக்கம். நோயாளியின் செய்தியைப் பேருந்தில் பேசுவதும், கைப்பேசியில் அவரைப் படமெடுப்பதும் நம்பிக்கைத் துரோகமே ஆகும்.

ஆறாவது, தவறு நேர்ந்தால் மறைக்காமை. அளவு மாறியதோ, பயன்படுத்திய ஊசி தம் விரலில் குத்தியதோ, அந்த நொடியே சொல்ல வேண்டும். உடனே சொன்ன தவறுக்குப் பெரும்பாலும் பரிகாரம் உண்டு.

பொறுப்பு மாணவருக்கு மட்டும் உரியதன்று. உண்மை சொன்ன மாணவியை நாலுபேர் முன் ஏசினால், அடுத்தவள் வாய் திறக்க மாட்டாள். ஆட்குறைவை நிரப்பும் கூலியாட்களாக மாணவரை நடத்துவதும் கல்வியாகாது. கற்பிப்போர் இதனை மறத்தலாகாது.

2019-இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. 2022-இல் அரசு மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டது. கல்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர், வெள்ளிமலைக்கும் அப்பாலிருந்து கச்சிராயபாளையம் வழியாக மருத்துவம் நாடிக் கீழிறங்கி வருகின்றனர். வளைந்து வளைந்து இறங்கும் மலைப்பாதையைக் கடந்து, ஒரு நாள் கூலியையும் இழந்து வந்த தாயை நோக்கி, "ஏன் இவ்வளவு தாமதம்?" என்று அதட்டினால், அடுத்த பிரசவத்திற்கு அவள் வருவாளா? "உட்காருங்கம்மா, எப்போதிருந்து வலிக்கிறது?" என்று கேட்டால், அவள் மட்டுமன்றி அவள் ஊரே நம்பி வரும்.

செவிலி என்னும் சொல்லுக்கு வளர்ப்புத் தாய் என்பது பழம்பொருள். அப்பெயரைத் தாங்க விரும்பும் இளைஞர்களே! தெரிந்ததைக் கவனத்தோடு செய்யுங்கள். தெரியாததைக் கூசாமல் கேளுங்கள். உங்கள் பயிற்சி பயனுடையதாகுக.