மங்கலமும் நகையும்

பவணந்தி முனிவர் 13-ஆம் நூற்றாண்டில் இயற்றிய நன்னூலை நம்மிற் பலர் பள்ளியிற் படித்தோம்; தேர்வு முடிந்ததும் மறந்தோம். அதில் தகுதி வழக்கு என்று மூன்று கூறப்படும். அவையிற் சொல்லத் தகாததை மறைத்துச் சொல்வது இடக்கரடக்கல். ஒரு குழுவினர் தமக்குள் வழங்குவது குழூஉக்குறி. கள்ளுண்போர் கள்ளைச் 'சொல்விளம்பி' என்பார்களாம். உள்ளே போனதும் உள்ளதையெல்லாம் சொல்லவைக்கும் பொருளுக்கு இதனினும் பொருத்தமான பெயரை எந்தப் புலவர் சூட்டியிருப்பார்? மூன்றாவது மங்கலம். சுடுகாட்டை நன்காடு என்பதும், செத்தாரைத் துஞ்சினார் என்பதும், அறுந்த தாலியைப் 'பெருகிற்று' என்பதும் அதற்குச் சான்றுகள்.

அறுந்தது எவ்வாறு பெருகும் என்று அந்நாளில் நாம் நகைத்திருப்போம். ஊரை விட்டு வந்து வேற்று மொழியினரிடையே குடியிருக்கும்போதுதான் அந்தப் பாடம் உயிர்பெற்று நம் எதிரே நடமாடுகிறது.

தில்லியில் இரவு கடையடைக்கும் வணிகருக்கு 'மூடுவது' என்று சொல்ல மனம் வராது. 'துகான் படானா' என்பார். கடையைப் பெருக்குவது என்பது பொருள். நமக்கோ பெருக்குவது என்றதும் துடைப்பந்தான் நினைவுக்கு வரும்! மகாராஷ்டிரத்தில் பூசையில் தேங்காயை உடைப்பதில்லை; 'வாடவணே' என்று சொல்லி வளர்க்கிறார்கள். கைவளை உடைந்தாலும் அதே சொல்தான். நம் செவிக்கு அது வாடுவதுபோல் ஒலிக்கும். அவர்களுக்கோ அது வளர்வது.

வங்காளத்து வழக்கு இவற்றினும் ஆழமானது. அரிசிப் பானை ஒழிந்த நாளில் அவ்வீட்டுப் பெண் இல்லை என்று கூறமாட்டாள். அரிசி 'பாரந்தோ' என்பாள். வளர்ந்துகொண்டிருக்கிறது என்று பொருள். நம் ஊரிலும் சில வீடுகளில், "அரிசி நிறைய இருக்கிறது, வாங்கி வாருங்கள்" என்று பாட்டிமார் சொல்வதுண்டு. நிறைய இருப்பதை ஏன் வாங்க வேண்டும் என்று எந்தத் தாத்தாவும் கேட்டதில்லை. பேசாமற் பையை எடுத்துக்கொண்டு புறப்பட்டார்.

இது பொய்யன்றோ என்று நம் குழந்தைகள் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். கேட்பவரை ஏமாற்றினால் அது பொய். இங்கே சொல்பவருக்கும் தெரியும், கேட்பவருக்கும் தெரியும், பானைக்குங்கூடத் தெரியும். வறுமையின் எதிரே நின்றுகொண்டு அதன் பெயரைச் சொல்ல மறுக்கும் மிடுக்கு அது. அதற்குள்ளே ஒரு சிறு குறும்பும் உண்டு. ஆயினும் மங்கலச் சொல் எல்லாத் துயரையும் ஆற்றிவிடும் என்று நாம் கொள்ளலாகாது. தாலி பெருகிற்று என்று மென்மையாகச் சொன்ன சமுதாயம், அந்தத் தாலியை இழந்தவளிடம் மென்மையாக நடந்துகொள்ளவில்லை.

விடைபெறும் சொல்லிலும் இந்த உறவைக் காணலாம். நாம் 'போய் வருகிறேன்' என்கிறோம். மராத்தியர் போவதை விட்டுவிட்டார்கள். ஆண் 'யேதோ' என்பான், பெண் 'யேதே' என்பாள். இரண்டுக்கும் 'வருகிறேன்' என்பதே பொருள். குஜராத்தியர் 'ஆவ்ஜோ', வாருங்கள் என்று வழியனுப்புவர். வங்காளிகள் 'ஆஷி' என்று சொல்லி எழுவர், அதுவும் வருகிறேன்தான். கொல்கத்தாவுக்குப் புதிதாய் வந்த நம் வீட்டுப் பாட்டி அதனை ஆசி என்று கேட்டு, "நன்றாயிரு அம்மா" என்று கையுயர்த்தி வாழ்த்தினால் வியப்பில்லை. பிழையாகக் கேட்டாலும் குறையொன்றும் நேர்ந்துவிடவில்லை.

அச்சொல்லின் கனத்தை நம்மைப்போல் அறிந்தவர் சிலரே. விடுமுறை முடிந்து, சென்னை நிலையத்தில் வண்டி நகரும்போது, சாளரத்தருகே நிற்கும் முதிய தாயிடம் 'போய் வருகிறேன்' என்கிறோம். அடுத்த வருகை ஈராண்டு கழித்தோ மூவாண்டு கழித்தோ. அவரும் அதை அறிவார். "போய் வா" என்கிறார். உடனே, வழியில் உண்ணக் கொடுத்த புளியோதரை எந்தப் பையில் இருக்கிறது என்பதைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகிறார்.

நம் பிள்ளைகளோ இங்கே பிறந்தவர்கள். அடுத்த வீட்டு வங்காளி அம்மையிடம் அழகாக 'ஆஷி' என்று சொல்லிவிட்டு வருகிறார்கள். நம் வீட்டு வாயிலில் நின்று 'நான் போகிறேன்' என்று கூவுகிறார்கள். உள்ளேயிருந்து பாட்டியின் குரல் வருகிறது: "வருகிறேன் என்று சொல்லடா!" அவன் திரும்பி வந்து, "வந்துவிட்டேன், பாட்டி, இப்போது போகலாமா?" என்கிறான்.