உதவியாளர் ஆசிரியராக

எழுத்துக்கூட்டத் திணறும் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து, வரியில் விரல் வைத்துப் படிக்க வைப்பவர்கள் கலிபோர்னியாவின் வகுப்பறை உதவியாளர்கள். ஸ்பானிய மொழி மட்டுமே தெரிந்த குழந்தைக்குக் கணக்கை அதன் தாய்மொழியிலேயே விளக்குவார்கள். வேலை அத்துப்படி. ஆசிரியர் சான்றிதழ்தான் இல்லை. வேலையை விட்டுப் படிக்கப் போனால் வீட்டில் அடுப்பெரியாதே!

2016-ல் அந்த மாநில அரசு இவர்களுக்காக 2 கோடி டாலர் ஒதுக்கியது. இரண்டாண்டு கல்லூரிப் படிப்பு முடித்தவர்கள், வேலையில் இருந்தபடியே மேலே படிக்க முடிந்தது. அப்போது ஆளுக்கு ஆண்டுக்கு 4,000 டாலர் வரை, 5 ஆண்டுகளுக்கு உதவி. அருமையான ஏற்பாடு.

ஆனால் கடைசிக் கட்டமான கற்பித்தல் பயிற்சியில்தான் பலர் தடுக்கி நிற்கிறார்கள். வாரக்கணக்கில் முழுநேர வேலை, பெரும்பாலும் சம்பளம் கிடையாது. அந்த வாரங்களுக்கும் ஊதியம் கொடுத்தே ஆக வேண்டும்.