கிளிக்கு எந்த இடம்?

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

பத்தாண்டுகளாகத் திங்கள்தோறும் கூடிக் கவிதை படித்தும் நூல்களைத் திறனாய்ந்தும் வரும் இவ்வட்டம், பள்ளிப் பாடத்திட்டத்தையும் தேர்வையும் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தபோது சற்றே தயங்கினேன். கவிஞர் அவையில் வினாத்தாளுக்கு என்ன வேலை என்று தோன்றியது. பின்னர் எண்ணிப் பார்த்தேன். நாளை நம் கவிதைகளைப் படிக்கப் போகிறவர் யார், எழுதப் போகிறவர் யார் என்பதை இன்றைய வினாத்தாள் பெரிதும் முடிவு செய்துவிடுகிறது. ஆதலின் இப்பொருள் நம் அவைக்கு அயலானதன்று.

முதலில் என் பிழை ஒன்றைக் கூறித் தொடங்குகிறேன். கல்லூரிப் பணிக்கு வருமுன், காங்கேயம் பக்கத்துப் பள்ளியொன்றில் சில காலம் தமிழாசிரியையாக இருந்தேன். ஆறாம் வகுப்புத் தேர்வில் 'காடு' என்னும் சொல்லுக்குப் பொருள் கேட்டிருந்தோம். 'வனம்' என்பது விடைக்குறிப்பு. ஒரு மாணவி 'மழை பெய்தால் சோளம் விதைக்கும் நிலம்' என எழுதியிருந்தாள். நான் சிவப்பு மையால் அடித்தேன். விடைத்தாளைக் கொடுத்த அன்று அக்குழந்தை என் மேசையருகே வந்து நின்று, "ஏனுங்க டீச்சர், எங்கூட்டுக் காடு காடு இல்லீங்களா?" என்று கேட்டாள். புத்தகத்தில் அப்படி இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

கொங்கு நாட்டில் கிணற்றுப் பாசனம் உள்ள நிலம் தோட்டம். வானம் பார்த்த நிலம் காடு. கிளுவை வேலியிட்டு மாடு மேய விடும் நிலம் கொறங்காடு. இவற்றை நான் அறியாதவள் அல்லள். என் பாட்டி நாள்தோறும் பேசிய சொற்களே இவை. ஆயினும் விடைக்குறிப்பு கைக்கு வந்ததும் பாட்டியின் தமிழ் எனக்கு மறந்துபோயிற்று. முனைவர் பட்டத்திற்காக அகத்திணை நூல்களைக் கற்ற காலத்தில்தான் என் பிழையின் முழு அளவு விளங்கியது. முல்லை, காடும் காடு சார்ந்த நிலமும் என்கிறோம். அந்நிலத்து மக்களின் உணவு வரகும் சாமையும் என்கிறோம். விதைப்பும் அறுப்பும் இல்லாத வனத்தில் வரகு எங்கிருந்து வரும்? அக்குழந்தையின் விடை என் விடைக்குறிப்பைக் காட்டிலும் இலக்கிய மரபுக்கு நெருக்கமானது. தவறிழைத்தவள் நானே.

மதிப்பீடு என்பது மேலைநாட்டார் நமக்குக் கற்றுத்தந்த கலையன்று. நன்னூலின் பொதுப்பாயிரம் மாணாக்கரை மூவகைப்படுத்துகிறது. அந்நூலை இயற்றிய பவணந்தி முனிவரை விசயமங்கலத்துச் சமணக் கோயிலோடு தொடர்புபடுத்திப் போற்றுவது கொங்கு மக்களின் மரபு. நீரை விடுத்துப் பாலைப் பிரித்துண்ணும் அன்னமும், வயிறார மேய்ந்து பின் இருந்து அசைபோடும் பசுவும் தலைமாணாக்கர். உழுதவன் முயற்சிக்கேற்ப விளையும் மண்ணும், கற்பித்ததை மட்டும் திருப்பிச் சொல்லும் கிளியும் இடைமாணாக்கர். ஓட்டைக் குடம், ஆடு, எருமை, நெய்யரி ஆகியவை கடைமாணாக்கர்க்கு உவமை. கிளியைப் பவணந்தியார் இகழவில்லை. எனினும் முதலிடம் தரவில்லை. சொன்னதைச் சொல்லுதல் ஒரு திறமைதான். ஆனால் அது இரண்டாந்தரத் திறமை என்பது அவர் துணிபு.

மேலும், ஆசிரியர் உரைத்ததை முற்றக் கேட்டாலும் கல்வியில் காற்பங்கே கைவரும். உடன்கற்போரோடு பயிலும்போது மற்றொரு காற்பங்கு வரும். பிறர்க்கு எடுத்துரைக்கும்போதே எஞ்சிய அரைப்பங்கும் நிறையும் என்றும் அந்நூல் கணக்கிடுகிறது. நம் தேர்வுமுறை அந்த முதற் காற்பங்கை மட்டுமே அளந்து, அதற்கு முழு மதிப்பெண் வழங்கிக்கொண்டிருக்கிறது. கிளியை முதல் வரிசையில் அமர்த்தியவர்கள் நாமே.

இதனால் யார்க்கு இழப்பு என்பதே என் பேச்சின் மையம். தமிழகத்தில் நெடுங்காலம் மாநிலப் பாடத்திட்டம், மெட்ரிகுலேஷன், ஆங்கிலோ-இந்தியன், ஓரியண்டல் என நால்வகைப் பாடத்திட்டங்கள் நிலவின. ஊராட்சிப் பள்ளிக் குழந்தைக்கு ஒரு புத்தகம், கட்டணம் செலுத்தும் குழந்தைக்கு வேறு புத்தகம் என்ற நிலை. இதனை மாற்ற 2006இல் முனைவர் ச. முத்துக்குமரன் தலைமையில் குழு அமைந்தது. 2010இல் சமச்சீர்க் கல்விச் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டே அதனை நிறுத்திவைக்க முயற்சி நடந்து, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2011 ஆகஸ்டு 9ஆம் நாள் வெளிவந்த தீர்ப்பினால் பொதுப் பாடநூல் எல்லாக் குழந்தைகளின் கைக்கும் வந்து சேர்ந்தது. இது பெரும் பேறு, ஐயமில்லை.

ஆனால் புத்தகம் ஒன்றானதால் வாய்ப்பு ஒன்றாகிவிட்டதா? தொழிற்கல்விக்கான மாநில நுழைவுத் தேர்வு சிற்றூர்ப் பிள்ளைகளின் நலங்கருதி 2007இல் நீக்கப்பட்டது. நோக்கம் நல்லது. அதன்பின் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே தனிவாயில் ஆயிற்று. அவ்வாயிலை நோக்கியே நடந்த விடுதிப் பள்ளிகள் நம் நாமக்கல் வட்டாரத்தில் பெயர் பெற்றன. பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை ஒதுக்கிவிட்டுப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே ஈராண்டுகள் உருப்போடச் செய்யும் வழக்கம் பரவியது. கோழிப்பண்ணைகள் நிறைந்த மண்ணில் மக்கள் அவற்றுக்குப் 'பிராய்லர் பள்ளிகள்' என்று பெயரிட்டதில் எள்ளலும் உண்டு, வேதனையும் உண்டு. உருப்போட விடுதியும் பணமும் வேண்டும். தறிக்கூடத்தில் தார் சுற்றிவிட்டுப் படிக்க அமரும் சோமனூர்ப் பிள்ளைக்கு அவை ஏது? நூல் ஒன்று, தேர்வு ஒன்று. ஆயினும் கிளியை வளர்க்கும் கூண்டு விலைக்கு விற்கப்பட்டது.

அரசும் வாளாவிருக்கவில்லை. 2017இல் மாநில அளவிலான முதலிடப் பட்டியல் கைவிடப்பட்டது. 2017-18இல் பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வந்தது. 2025-26ஆம் கல்வியாண்டில் அது நீக்கப்பட்டது. மேனிலை வகுப்புகளில் தமிழுக்கு இரு தாள்கள் இருந்த முறை 2018-19இல் ஒரே தாளாகச் சுருங்கியது. அடுத்த ஆண்டில் பத்தாம் வகுப்புக்கும் அவ்வாறே ஆயிற்று. 2017 முதல் மருத்துவக் கல்விக்கு நீட் தேர்வு வாயிலாயிற்று. அரசுப் பள்ளி மாணவர்க்கு 2020இல் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு வந்தது. தேர்வுகள் கூடின, குறைந்தன, இடம் மாறின. ஆனால் எதைக் கேட்பது, எதனை விடையென ஏற்பது என்னும் வினா பெரும்பாலும் தொடப்படாமலே நின்றது.

ஒரு நற்குறியைச் சொல்லாமல் விடலாகாது. 2022-23இல் தொடக்க வகுப்புகளுக்கு வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் குழந்தைகளின் நிலைகளுக்கு அரும்பு, மொட்டு, மலர் எனப் பெயரிட்டனர். அரும்பைப் பார்த்து 'நீ இன்னும் மலரவில்லை' என்று எவரும் கடிந்துகொள்வதில்லை. பெயரிலேயே அளவுகோல் மாறியிருக்கிறது. அப்பெயர்களும் குழந்தையின் நெற்றியில் ஒட்டிய முத்திரை ஆகிவிடாமல் காப்பது ஆசிரியர் பொறுப்பு.

இங்கே ஒரு மறுப்பு எழும். அது வலுவான மறுப்பு. "விடைக்குறிப்பைத் தளர்த்தினால் ஆசிரியர் விருப்பு வெறுப்பு உள்ளே நுழையாதா? யார் பிள்ளை, எந்தத் தெருப் பிள்ளை என்று பார்த்து மதிப்பெண் போடுவோர் இல்லையா?" என்று கேட்பர். உண்மைதான். இரட்டைக் குவளையைக் கண்ட மண்ணில் வாழ்கிறோம். ஒடுக்கப்பட்ட வீட்டுப் பிள்ளைக்கு விடைக்குறிப்பு ஒரு காவலாக நின்றதுண்டு; அக்காவலை நான் இகழேன். விடைத்தாளில் பெயரை மறைக்கும் முறை தொடர வேண்டும். ஆனால் பெயரை மறைக்கக் கற்ற நாம், பிள்ளையின் வாழ்வையும் சேர்த்து மறைத்துவிட்டோம். காவல் வேண்டும், அதன் வேலி வீட்டுத்தமிழை வெளியே நிறுத்தும் வேலியாக இருத்தல் ஆகாது.

நம்மவர் இதற்கு வழிகாட்டியுள்ளனர். தி.சு. அவினாசிலிங்கம் அவர்கள் நிறுவிய தமிழ் வளர்ச்சிக் கழகம் பத்துத் தொகுதிகளில் வெளியிட்ட கலைக்களஞ்சியத்தின் முதன்மைப் பதிப்பாசிரியர் பெரியசாமித் தூரன். உலக அறிவையெல்லாம் தமிழில் வகுத்தமைத்த அதே பெருமகனார் நாட்டுப்புறப் பாடல்களையும் தேடித் தொகுத்தார். ஏட்டறிவும் ஊரறிவும் அவரிடம் பகையாக நிற்கவில்லை. ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' நாவலில் கொங்குப் பேச்சு இலக்கியமாயிற்று. பெருமாள்முருகன் 2000ஆம் ஆண்டில் கொங்கு வட்டாரச் சொல்லகராதி தந்தார். நாவலில் வந்தால் இலக்கியம், அகராதியில் வந்தால் ஆராய்ச்சி, குழந்தையின் விடைத்தாளில் வந்தால் மட்டும் பிழையா?

காலம் மாறிவிட்டது. திருப்பூர்ப் பள்ளிகளில் பின்னலாடைத் தொழிலுக்கு வந்த வடமாநிலத்தார் பிள்ளைகளும் தமிழ் கற்கின்றனர். அவர்கள் வீட்டுச் சொல்லுக்கும் நம் வகுப்பில் இடம் வேண்டும். மறுபுறம், கட்டுரை வேண்டுமென்றால் கைப்பேசியே நொடியில் எழுதித் தருகிறது. கிளியின் வேலையைப் பொறி ஏற்றுக்கொண்ட பிறகும் நம் குழந்தைகளைக் கிளியாக்கிக் கொண்டிருப்பது அறியாமை.

ஆதலின் இவ்வட்டத்தின் முன் இரு வேண்டுகோள்கள் வைக்கிறேன். நம்மில் பலர் ஆசிரியர்; வினாத்தாள் எழுதுவோரும் உளர். ஒவ்வொரு தமிழ்த் தாளிலும் புத்தகத்தில் விடை இல்லாத ஒரு வினாவையேனும் வையுங்கள். உன் வீட்டில் வழங்கும் ஐந்து சொற்களைப் பொருளோடு எழுதுக என்பது போன்ற எளிய வினா போதும். இரண்டாவது, பதினோராம் ஆண்டில் நம் கூட்டங்களுள் ஒன்றை ஒரு சிற்றூர்ப் பள்ளியில் நடத்துவோம். நாம் கவிதை படிக்கப் போக வேண்டா. குழந்தைகள் எடுத்துரைப்பதைக் கேட்கப் போவோம். பவணந்தியார் சொன்ன அந்த அரைப்பங்கு அங்கேதான் நிறையும்.

நான் மதிப்பெண் மறுத்த அம்மாணவி எட்டாம் வகுப்போடு நின்று நூற்பாலை வேலைக்குப் போய்விட்டாள் எனப் பின்னாளில் அறிந்தேன். ஒரு மதிப்பெண்ணால் அவள் நின்றாள் என்று சொல்லமாட்டேன். குடும்பத்தின் வறுமை பெரிது. ஆனால், பள்ளி உன் வீட்டைச் சேர்ந்ததன்று என்று அவளுக்கு முதலில் சொன்னவர்களுள் நானும் ஒருத்தி. அவள் கேட்ட கேள்விக்கு அன்று நான் விடை கூறவில்லை. இன்று இந்த அவையில் கூறுகிறேன்: ஆமாம் கண்ணு, உங்கள் வீட்டுக் காடும் காடுதான்.