ஈ – தா – கொடு: கல்விக் கொடை எவ்வாறு அமைதல் வேண்டும்?

(கல்லூரி மாணவர் உதவிநிதித் தொடக்க விழாவில் தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



கல்விக்குக் கொடுங்கள் என்று உங்களிடம் வேண்டுமாறு என்னை அழைத்திருக்கின்றனர். கொடுக்கும் மனம் உங்களுக்கு உண்டு. இல்லையெனில் வேலை முடிந்த இம்மாலைப் பொழுதில் இங்கு வந்திருக்க மாட்டீர்கள். ஆதலின் 'கொடுங்கள்' என்று சொல்வதைக் காட்டிலும், 'எவ்வாறு கொடுப்பது' என்பதைப் பற்றியே பேச விரும்புகின்றேன். ஒரு மாணவனின் படிப்பு நிலைப்பதும் முறிவதும் பெரும்பாலும் அந்த 'எவ்வாறு' என்பதில்தான் இருக்கின்றது.

தொல்காப்பியர் சொல்லதிகாரத்து எச்சவியலில் ஈ, தா, கொடு என்னும் மூன்று சொற்களையும் பிரித்துக் காட்டுகின்றார். மூன்றும் ஒரு பொருளைக் கேட்கும் சொற்களே. ஆனால் தாழ்ந்து நிற்பவன் கேட்கும் சொல் 'ஈ'. ஒத்தவன் கேட்கும் சொல் 'தா'. உயர்ந்தவன் கேட்கும் சொல் 'கொடு'. இன்றைய வழக்கில் இவ் வேறுபாடு மறைந்துவிட்டது. சொல்லில் மறைந்ததேயன்றி வாழ்வில் மறையவில்லை. உதவி கேட்டு வரும் மாணவனை நாம் எந்தச் சொல்லால் கேட்க வைக்கின்றோம்? இதுவே இன்று என் வினா.

வள்ளுவப் பெருந்தகை ஒப்புரவறிதல் என்று ஓரதிகாரமும், ஈகை என்று அதனையடுத்து மற்றோரதிகாரமும் வைத்தார். இல்லாதவனுக்கு இரங்கி அளிப்பது ஈகை. ஊரோடு ஒத்து வாழ்பவன் தன் கடமையென்று உணர்ந்து செய்வது ஒப்புரவு. பசித்தவனுக்கு இடும் சோறு ஈகையாகலாம். கல்விக்குச் செய்யும் உதவியோ ஒப்புரவே. அம் மாணவன் நாளை மருத்துவனாகவும் ஆசிரியனாகவும் பொறிஞனாகவும் வந்து நமக்கே பயன்படுவான். தன் ஊரின் கிணற்றைத் தூர்வாரக் காசு கொடுப்பவன், யாருக்கோ இரக்கப்பட்டேன் என்று சொல்வதுண்டோ?

தங்க இடமில்லாத படிப்பு

கல்லூரிப் படிப்புக்குத் தடை கட்டணம் ஒன்றே என்று பலர் எண்ணுகின்றனர். அன்று, அதனினும் பெருந்தடைகள் உள.

1916ஆம் ஆண்டில் சென்னை திருவல்லிக்கேணியில் மருத்துவர் நடேசனார் 'திராவிடர் இல்லம்' என்றொரு மாணவர் விடுதியைத் தொடங்கினார். வெளியூர்களிலிருந்து கல்லூரிக்கு வந்த பார்ப்பனரல்லாத மாணவர்க்கு அந்நாளிற் சென்னையில் தங்கவும் உண்ணவும் இடம் கிடைப்பது அரிதாயிருந்தது. கல்லூரியில் இடம் உண்டு. கையிற் காசும் ஓரளவு உண்டு. தலைசாய்க்க ஒரு திண்ணை இல்லை! அத்தடையைக் கண்டவர் நடேசனார். அவ்வில்லம் நெடுநாள் நீடிக்கவில்லை. ஆயினும் பிற்காலத்தில் விடுதலை இந்தியாவின் முதல் நிதியமைச்சராகிய ஆர். கே. சண்முகனார் அங்குத் தங்கிப் பயின்றவர்களுள் ஒருவர். ஒரு வாடகை வீடும் ஓர் அடுக்களையும் செய்த வேலை அது.

முப்பதாண்டு ஆசிரியப் பணியில் நான் கண்டதும் இதுவே. என்னிடம் பயின்ற நெசவாளர் வீட்டுப் பெண்ணொருத்தி நல்ல மதிப்பெண் பெற்று, அரசு கல்லூரியில் இடமும் பெற்றாள். கல்லூரிக் கட்டணத்தில் அவளுக்குக் குறையில்லை. கடைசிப் பேருந்து வந்துசேர இருட்டிவிடும். விடுதியிற் சேர முன்பணம் வேண்டும். அம் முன்பணம் இல்லாமையால் இரண்டாம் திங்களிலேயே நின்றுவிட்டாள். நாங்கள் அறிந்து ஓடியபோது தறியில் உட்கார்ந்திருந்தாள். பெருந்தொகையன்று அது, உரிய நேரத்தில் இல்லாத சிறுதொகை!

2022ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட புதுமைப்பெண் திட்டத்தாலும், 2024ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட தமிழ்ப்புதல்வன் திட்டத்தாலும், அரசு பள்ளிகளிற் பயின்று கல்லூரி செல்வோர்க்குத் திங்களுக்கு 1000 உருபா வழங்க அரசு முன்வந்தது. போற்றத்தக்க செயல். ஆனால் அரசின் கை அட்டவணையைப் பார்த்து அளிப்பது. தந்தை நோயிற் படுத்த திங்களும், கணிப்பொறி பழுதான கிழமையும், தேர்வுக்கட்டணத்தின் இறுதிநாளும் அட்டவணையில் இரா. அவ்விடத்திற்றான் ஊரார் கொடை வேண்டும்.

ஒரு பாடத்தில் தவறினால்?

கணக்குமேதை இராமானுசரின் வாழ்வை எண்ணிப்பாருங்கள். 1904ஆம் ஆண்டில் குடந்தை அரசு கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தார். கணக்கிலேயே மூழ்கி ஆங்கிலத்தில் தவறினார். உதவித்தொகை பறிபோயிற்று. வீட்டாரிடம் சொல்லவும் வாயின்றி ஊரைவிட்டே போனார். பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிற் சேர்ந்தார், அங்கும் கணக்கன்றிப் பிற பாடங்கள் அவரைத் தடுத்தன, பட்டம் இல்லை.

விதிப்படி பார்த்தால் உதவித்தொகையை நிறுத்தியதிற் பிழை சொல்ல முடியாது. ஆனால் விதி அவர் தவறிய பாடத்தைக் கண்டது. வென்ற பாடத்தைக் காணவில்லை. கண்டவர் வேறொருவர். நெல்லூர் மாவட்டத் தண்டலராயிருந்த இராமச்சந்திரர் தம் சொந்தப் பணத்திலிருந்து திங்கள்தோறும் இராமானுசர்க்குப் பொருளுதவி செய்தார். இராமானுசரோ பிறர் கையை நெடுநாள் எதிர்பார்க்க விரும்பாமல், 1912ஆம் ஆண்டில் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் எழுத்தராய் அமர்ந்தார். மறுஆண்டு சென்னைப் பல்கலைக்கழகம் அவர்க்குத் திங்களுக்கு 75 உருபா ஆராய்ச்சி உதவித்தொகை வழங்கிற்று. 1914இல் இங்கிலாந்து சென்றார். 1918இல் அரசக் கழகத்தின் உறுப்பினரானார்.

இதிலிருந்து நாம் கொள்ள வேண்டியவை இரண்டு. ஒன்று, முதல் தவறுதலிலேயே உதவியை அறுத்துவிடலாகாது. முதல் தலைமுறையாய்க் கல்லூரி புகும் பிள்ளை, தமிழில் பயின்று திடுமென ஆங்கிலப் பாடத்தின்முன் நிற்கும் பிள்ளை, முதற் பருவத்தில் தடுக்கி விழுவது இயல்பு. அப்போது பணத்தை நிறுத்துவது, நீந்தத் தடுமாறுபவனின் கைக்கட்டையைப் பிடுங்குவதாகும். அவனை அழைத்து, 'எந்தப் பாடம்? யாரிடம் கேட்கலாம்?' என்று வினவ ஒரு மூத்தவர் வேண்டும். மற்றொன்று, மாணவன் தன்மானத்தைப் பேண வேண்டும். உழைத்துண்ண விரும்பிய இராமானுசரின் மனம் நன்றியின்மை அன்று, அதுவே நிமிர்வு.

ஆவணத்தைப் படித்தவர்

இனிக் கொடையாளர்க்கு ஒரு சொல். நல்ல மனம் மட்டும் போதாது. நல்ல ஆவணமும் விழிப்பான காவலும் வேண்டும்.

பச்சையப்பர் 1754ஆம் ஆண்டிற் பிறந்தார். தந்தையில்லாத ஏழைப்பிள்ளை. பவுனி நாராயணர் என்பவரின் ஆதரவால் வளர்ந்து, பெரும் பொருளீட்டி, 1794இல் நாற்பது அகவையில் மறைந்தார். தம் செல்வத்தை அறங்கட்கென்றே எழுதிவைத்தார். ஆயினும் அப்பணம் நெடுங்காலம் வழக்கிற் சிக்கிக் கிடந்து, அதன் மிகுதியிலிருந்து பள்ளி எழுந்தது 1842ஆம் ஆண்டிலேயே! இடையில் நாற்பத்தெட்டு ஆண்டுகள். பின்னர் அது கல்லூரியாய் வளர்ந்தது. அங்குப் பயின்ற ஏழை எளிய வீட்டுப் பிள்ளைகள் எத்தனையோ பேர். காஞ்சி நெசவாளர் குடியிற் பிறந்த அறிஞர் அண்ணாவும் அவர்களுள் ஒருவர். எனினும் 1947 வரை அக் கல்லூரி இந்துக்களுக்கு மட்டுமே திறந்திருந்தது. அறத்தின் கதவும் சிலர்க்கு மூடியிருக்கக்கூடும் என்பதற்கு இதுவும் சான்று.

தஞ்சையில் நடந்தது இன்னும் எண்ணத்தக்கது. மராட்டிய மன்னர் நிறுவிய சத்திரங்களின் சொத்து வருவாயில் திருவையாற்றில் வடமொழிக் கல்லூரி நடந்தது. தமிழுக்கு அங்கு இடமில்லை. ஒரத்தநாடு, இராசாமடம் விடுதிகளிலும் பார்ப்பன மாணவரே உண்டு உறைந்து பயின்றனர். 1920களில் மாவட்டக் கழகத் தலைவராயிருந்த சர் ஏ. டி. பன்னீர்செல்வம், 'மன்னர் அப்படித்தான் எழுதிவைத்தார்' என்ற பேச்சை நம்பி வாளாவிருக்கவில்லை. மூல ஆவணத்தையே எடுத்துப் படிக்கச் செய்தார். கல்விக்கென்று பொதுவாக எழுதப்பட்டிருந்ததேயன்றி, வடமொழிக்கு மட்டும் என்று இல்லை. அதன்பின் அங்குத் தமிழும் புகுந்தது. அரசர் கல்லூரியிற் புலவர் பட்டம் பெற்றுத் தமிழாசிரியரானோர் பலர். விடுதிக் கதவுகளும் பிற மாணவர்க்குத் திறந்தன.

அப் பெருமகனார் புதிதாய் ஒரு காசும் கொடுக்கவில்லை. முன்பே கொடுக்கப்பட்டதை உரியவர்க்குச் சேர்த்தார். இதுவும் கொடையே! நம் ஊர்களில் உறங்கிக் கிடக்கும் கல்விக் கட்டளைகள் எத்தனை? அவற்றின் ஆவணங்களை நம்மில் எத்தனை பேர் படித்திருக்கின்றோம்?

செய்யத்தக்கவை

ஆகவே, இவ்வுதவிநிதியை நடத்துவோர்க்குச் சிலவற்றை முன்வைக்கின்றேன்.

பருவத் தொடக்கத்திலேயே பணம் மாணவன் கையைச் சேர்தல் வேண்டும். ஆண்டிறுதியில் வரும் உதவி கடன்காரனுக்கே பயன்படும். கட்டணத்திற்கு மட்டுமன்றி, உணவு, உறைவிடம், பேருந்து, நூல் ஆகியவற்றிற்கும் அது ஆகுக. சாதியும் சமயமும் பாராமல் தேவையே அளவாகட்டும். ஆவணத்தை ஐயத்திற்கிடமின்றி எளிய தமிழில் எழுதுங்கள். கணக்கை ஆண்டுதோறும் ஊரார்முன் வையுங்கள்.

மேடையேற்றி ஒளிப்படம் எடுத்துக் காசோலை கொடுக்கும் வழக்கத்தை அருள்கூர்ந்து விட்டுவிடுங்கள். பதினெட்டு அகவைப் பிள்ளைக்குத் தன் வறுமை ஊரறியச் சுவரொட்டியாவதைவிடப் பெருந்துன்பம் இல்லை. அவ்வொளிப்படத்திற்கு அஞ்சியே விண்ணப்பிக்காமல் விட்ட மாணவரை நான் அறிவேன். கொடுத்தவர் பெயர் பலகையில் இருக்கட்டும்; பெற்றவர் பெயர் ஏட்டில் மட்டும் இருக்கட்டும்.

காரைக்குடி அழகப்பர் 1947ஆம் ஆண்டிற் கல்லூரி தொடங்கியதோடு நில்லாமல், தாம் குடியிருந்த மாளிகையையே பெண்கள் கல்லூரிக்குக் கொடுத்தார். மின்வேதியல் ஆய்வகத்திற்கு 300 ஏக்கர் நிலமும் 15 இலக்கம் உருபாவும் அளித்தார். நாம் அழகப்பர் அல்லர். ஆனால் திங்களுக்கு ஒருநாள் ஊதியத்தைக் கொடுக்கும் இருபது பேர் சேர்ந்தால், ஓரிரு மாணவரின் விடுதிச் செலவையேனும் ஏற்கலாம். அதனை இடையில் விடாது பட்டம் பெறும்வரை கொடுப்பதே அருமை.

மாணவச் செல்வங்களே! தலைகுனிந்து 'ஈ' என்று கேளாதீர்கள். ஒத்த மனிதனாய் நின்று 'தா' என்று கேளுங்கள். பெற்றதைக் கொடுத்தவர்க்கே திருப்ப வேண்டுவதில்லை. உங்களுக்குப் பின்னால் வரிசையில் நிற்கும் தம்பிக்கும் தங்கைக்கும் திருப்புங்கள். கல்வி உரிமையென்பது நம் நாட்டில் முழுமையாய் நிலைபெறும் நாளில், உங்கள் மக்கள் உரிமைக்குரல் எடுத்துக் 'கொடு' என்றே கேட்பார்கள். அந்நாள் வரும்வரை நம் கை ஓயாதிருக்கட்டும்.