வெட்டிய 24 அடி

பட்டம் பெறும் பிள்ளைகளே, கடைசி வரிசையில் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெற்றோரே!

படிக்கிற காலத்தில் வகுப்பைவிட ஃபிலிம் சொசைட்டியில்தான் அதிகம் இருந்தேன். ஒருநாள் விடுதி வராந்தாவில் வேட்டியைத் திரையாகக் கட்டி, 16 எம்.எம். புரொஜெக்டரில் 'பதேர் பாஞ்சாலி' போட்டோம். பாதியில் கரண்ட் போய்விட்டது. படத்தில் வரும் சிறுமி துர்கா பிழைத்தாளா இல்லையா என்று தெரியாமலே அன்று ராத்திரி ரசம் சாதம் சாப்பிட்டேன். இயக்குநர் சத்யஜித் ரே அந்தப் படத்துக்காக மனைவியின் நகைகளை அடகு வைத்தார் என்பதும், கடைசியில் மேற்கு வங்க அரசின் பணத்தில்தான் 1955-இல் படம் வெளிவந்தது என்பதும் பிறகு தெரிந்தது. அப்போதே என் அம்மாவின் வளையல்களை நான் ஒரு மாதிரி பார்க்க ஆரம்பித்துவிட்டேன்.

அந்த வளையல்களில்தான் என் முதல் ஆவணப்படம் பிறந்தது. தூத்துக்குடி உப்பளப் பெண்களைப் பற்றியது. பாத்தித் தண்ணீரில் சூரியன் உதிப்பதை எடுக்க மூன்று நாள் விடியலில் காத்துக் கிடந்தேன். கிடைத்தது 40 விநாடி. 16 எம்.எம்.மில் அது சரியாக 24 அடி.

எனக்கு எடிட்டிங் கற்றுத்தந்த அண்ணன் ஸ்டீன்பெக் எடிட்டிங் மேசையில் அதை இரண்டு முறை ஓட்டினார். "தம்பி, இந்தப் படம் உப்பளத்தைப் பத்தினதா, உன்னைப் பத்தினதா?" என்று கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் வெட்டி, ஆணியில் தொங்கவிட்டார். அந்த இடத்தில், கேமராவை நிறுத்த மறந்ததால் பதிவான ஒரு துண்டை ஒட்டினார். ஒரு அம்மா தரையில் உட்கார்ந்து, குதிகால் வெடிப்பிலிருந்து உப்பைக் குச்சியால் நோண்டுகிறார். மூன்று விநாடி. 72 ஃபிரேம். படம் பார்த்த எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். சூரியனைக் காணோமே என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

'அபோகலிப்ஸ் நவ்' படத்துக்கு எடுத்தது 230 மணி நேரத்துக்கும் மேல். திரைக்கு வந்தது இரண்டரை மணி நேரம்கூட இல்லை. மீதியெல்லாம் மோசமான காட்சிகளா? இல்லை, படத்துக்கு வேண்டாதவை. வெட்டத் தெரிய வேண்டுமென்றால், முதலில் எது யாருக்காக என்று தெரிய வேண்டும்.

சோற்றுக்கு என்ன வழி என்று உங்கள் அப்பாக்கள் முகத்தில் எழுதியிருக்கிறது. பிழைப்புக்கான வேலையும் சொந்தப் படமும் சேர்ந்தே நடக்கலாம். 'நாயகன்' முதலான பெரிய படங்களுக்கு எடிட்டராக இருந்த பி. லெனின்தான் 1992-இல் ஒரு குத்துச்சண்டை வீரனைப் பற்றி 'நாக் அவுட்' குறும்படம் எடுத்தார். பிறகு 'ஊருக்கு நூறு பேர்' அவருக்குச் சிறந்த இயக்குநருக்கான தேசிய விருது வாங்கித் தந்தது. நானும் கல்யாண வீடியோ வெட்டித்தான் வாடகை கட்டினேன். அதில் வெட்கம் இல்லை. தாலி கட்டும் நேரத்தில் மணப்பெண்ணின் அப்பா எங்கே பார்க்கிறார் என்று கவனித்தவனுக்கு அதுவும் பள்ளிக்கூடம்தான்.

அந்த 24 அடியை இன்னும் ஒரு தகர டப்பாவில் வைத்திருக்கிறேன். போன மாதம் திறந்தால் வினிகர் வாடை. அசிடேட் ஃபிலிம் கெட்டால் அப்படித்தான் நாறும். நான் உயிரைக் கொடுத்து எடுத்த சூரியன் டப்பாவுக்குள் புளித்துக் கிடக்கிறது. அந்த அம்மாவின் குதிகாலை இப்போதும் எங்காவது ஒரு ஊரில் திரையிடுகிறார்கள்.

போய் வாருங்கள். நல்லா இருங்கள்.